நடுவில் ஒரு தெரு

அக்கா தெருவுக்கு இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம் என்று நின்று கத்திப் பேசினால் நடுவில் மாட்டிக்கொள்கிறவள் நான்தான். மாடிப்படிக்குக் கீழே என் இஸ்திரிக் கடை. மாடி அறையில் அக்கா குடியிருக்கிறாள். எதிர்வீடு அவள் தம்பியுடையது. அவர்கள் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் என் தலைக்கு மேலேதான் போயாக வேண்டும். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காதை எங்கே கழற்றி வைப்பது?

தெருவில் அக்காவுக்கு ஈரத்தலை என்று பெயர். மழையோ வெயிலோ, வேலை முடிந்து வரும்போது தலை சொட்டச் சொட்டத்தான் வருவாள். ஊருக்கு வெளியே, பெரிய மதில் போட்ட ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை. பன்றிகளுக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கிற இடம். உள்ளே போகும்போது கட்டியிருப்பதை எல்லாம் கழற்றிப் போட்டுத் தலைக்குக் குளித்து அவர்கள் கொடுக்கிற உடுப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது மறுபடியும் தலைக்குக் குளியல். தோடு, வளையல், தலைமுடி ஊசி எதுவும் உள்ளே போகக்கூடாது, உள்ளேயிருந்து எதுவும் வெளியே வரக்கூடாது. "அத்தை, அங்க மூக்கைக்கூடச் சிந்திக் காட்டணும்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். இத்தனை குளியலுக்கு அவளுக்கு ஏன் சளி பிடிக்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியாத ஆராய்ச்சி.

அந்தக் கூடத்தில் இன்னொரு சட்டமும் உண்டு. வேலை செய்கிறவர்கள் வெளியே பன்றி இருக்கிற இடத்தில் கால் வைக்கக்கூடாது. வளர்க்கிறவர்கள் வீட்டில் குடியிருக்கக்கூடாது. உள்ளே இருக்கிற கிருமி வெளியே போய்விடும், வெளியே இருக்கிற நோய் உள்ளே வந்துவிடும் என்று இரண்டு பக்கமும் பயம். தம்பியோ பன்றி வளர்க்கிறவன். கொட்டில் வீட்டுக்குப் பின்னாலேயே. ஆக, அந்த வேலை கிடைத்த வாரமே பிறந்த வீட்டை விட்டுவிட்டு, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து என் மாடிக்கு வந்தாள். அம்மா அப்பா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவனுக்கு மூக்கு துடைத்துவிட்ட கை அது. இப்போது அவன் குளித்து வேறு துணி மாற்றிக்கொண்டு வந்தாலும் என் கடைப் படிக்கு மேலே ஏற விடமாட்டாள்.

தம்பி பெண்டாட்டிக்கு இதில் வருத்தம். "அண்ணி அங்க போய்ப் பன்னிக்குத் தொட்டுத் தடவி காய்ச்சல் பார்ப்பாங்களாம். நம்ம வீட்டுப் பன்னின்னா மட்டும் ஆகாது. என்ன வேலையோ!" என்பாள். சொல்வாளே தவிர, தினமும் அண்ணிக்குச் சாப்பாடு கட்டி என் கையில்தான் கொடுத்தனுப்புவாள். கீரையில் உப்பு குறைந்தால் அக்கா ஜன்னலிலிருந்தே கேட்பாள். உப்பு விலையைச் சொல்லி இவள் வாசலிலிருந்தே பதில் கொடுப்பாள். எனக்கு நன்றாகப் பொழுது போகும்.

தம்பி விடிந்தும் விடியாமலும் எழுந்துவிடுவான். வண்டியை எடுத்துக்கொண்டு ஹோட்டல் ஹோட்டலாகப் போய் மிச்சம் மீதியை டிரம்மில் அள்ளி வருவான். அதை அப்படியே போடக்கூடாது, கொதிக்க வைத்துத்தான் போட வேண்டும் என்பது அக்கா போட்ட கட்டளை. பெரிய டிரம்முக்குக் கீழே விறகை மூட்டிக் கிளறிக்கொண்டே இருப்பான். அந்த நாற்றத்துக்கு நான் பழகிப்போனேன், என் வாடிக்கைக்காரர்கள்தான் மூக்கைப் பொத்துவார்கள். ஆறியதும் வாளியில் ஊற்றி, வாளியின் பக்கத்தை உள்ளங்கையால் தட்டுவான். டம் டம் என்ற அந்தச் சத்தத்துக்கு மகாராணி முன்னால் வரும். மகாராணி என்பது அவனுடைய தாய்ப்பன்றி. சினையாக இருந்தது. அது வந்தால் மற்றவை எல்லாம் பின்னால் வரும். வாளிச் சத்தத்தில்தான் மாடியில் அக்கா எழுந்திருப்பாள். தனியாக அலாரம் வைத்ததே இல்லை.

அப்போதுதான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பன்றிகளுக்கு நோய் வந்தது. அதற்கு ஆராய்ச்சிக்கூடத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்கள் பக்கத்தில் அதை வாரி என்பார்கள். வந்தால் வாரிக்கொண்டு போய்விடும், அதனால் வாரி. மருந்து கிடையாது. மனிதர்களை ஒன்றும் செய்யாது, பன்றியை விடாது. ஒரு கொட்டிலில் வந்துவிட்டால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எதையும் மிச்சம் வைக்காமல் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். அக்கா அன்றிலிருந்து அறையில் உட்காரவே மாட்டாள். தலைக்கு மேலே மரத்தளத்தில் இங்கும் அங்கும் நடப்பது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு சட்டையை மடிப்பதற்குள் அவள் நாலு தரம் ஜன்னலுக்கும் கதவுக்கும் போய்வந்திருப்பாள்.

அப்படி நடந்துகொண்டிருந்தவள் ஒரு சாயங்காலம் தலையைத் துவட்டக்கூட இல்லாமல் ஜன்னலில் வந்து கத்தினாள்.

"டேய்! இன்னைக்கு எல்லாத்துக்கும் காய்ச்சல்டா!"

தம்பி பதறிப்போனான். "ஐயையோ, செத்துடுமா?"

"போடா லூசு. காய்ச்சல் வந்தாத்தான் நல்லது. ஊசி பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

"காய்ச்சல் வந்தா நல்லதா?"

"நாங்க போடறது உயிரோட இருக்கற கிருமிடா. பல்லை மட்டும் பிடுங்கிட்டோம். அது உள்ள போய் லேசா மிரட்டும். உடம்பு முழிச்சுக்கும். ரெண்டு நாள் சுடும், அப்புறம் பழையபடி ஓடும். நாளைக்கு நிஜ வாரி வந்தா உடம்புக்கு ஆளைத் தெரியும்ல?"

"அடேங்கப்பா!" என்றான் அவன். தம்பி பெண்டாட்டிகூட வாசலுக்கு வந்து, "அப்ப காய்ச்சல் வந்தா கும்பிட்டுக்கணும்னு சொல்லுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அக்காவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

மறுநாளே தம்பி என் கடைப் படியில் வந்து நின்றான். குளித்து, வெளுத்த சட்டை போட்டு, தலை வாரி. அவன் அப்படி வந்தாலே ஏதோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம்.

"அக்கா, ஒரே ஒரு பாட்டில்."

"வாயைக் கழுவு."

"அங்க பாட்டில் பாட்டிலா இருக்காம்ல."

"இருக்கு. எடுத்துட்டு வர்றதுக்கு அது என்ன ஊறுகாயா? இன்னும் பாதிதான்டா தெரியும். எங்க பன்னிங்களுக்கு நிஜக் கிருமியைக் குடுத்துப் பார்க்கணும். அதுல நிக்குதான்னு தெரியணும். மகாராணி சினையா இருக்கு. சினைப் பன்னிக்குப் போட்டா என்ன ஆகும்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது. குட்டியெல்லாம் கலைஞ்சு போச்சுன்னா?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் வந்துடுச்சு அக்கா. எனக்கு ராத்திரி கண்ணை மூட முடியல."

"எனக்கு மட்டும் மூடுதா? கொட்டிலைப் பூட்டு. எவனையும் உள்ள விடாதே. செருப்பை மாத்து. கொதிக்க வெச்சுப் போடு. அவ்வளவுதான் இப்ப மருந்து."

"ஊருக்கெல்லாம் மருந்து செய்யறே. கூடப் பிறந்தவனுக்குப் பூட்டுதான்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போனான். அக்கா அன்று சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. நான்தான் சாப்பாட்டுத் தூக்கைத் திரும்பக் கொண்டுபோனேன்.

அதற்குப் பிறகு நடந்தது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. தீவனக் கடைக்காரன் தெருத்தெருவாக, காதோடு காதாக ஒரு ஊசி விற்றிருக்கிறான். எங்கிருந்தோ வந்த வாரித் தடுப்பூசியாம். ஐஸ் பெட்டியோடு அவனுடைய ஆளே வந்து போட்டுவிட்டுப் போவானாம். அக்கா வேலைக்குப் போன நேரம் பார்த்துத் தம்பி அவனைக் கொட்டிலுக்குள் விட்டிருக்கிறான். மகாராணிக்கு முதல் ஊசி. எவனையும் விடாதே என்று அவள் சொன்னதுதான் அவனுக்கு மறந்துபோயிருக்கிறது. காய்ச்சல் வந்தால் நல்லது என்று சொன்னது நன்றாக நினைவிருந்திருக்கிறது. பிடித்தபிறகு சொல்லி அக்காவை அசத்திவிடலாம் என்று நாளைப் பார்த்துக்கொண்டிருந்தான் பாவி.

அன்று காலையில் வாளிச் சத்தம் நெடுநேரம் கேட்டது. நிற்காமல் டம் டம் என்று. வழக்கமாக நாலு தட்டில் முடிந்துவிடும். அன்று அக்காவுக்கு லீவு. தலையை வாரிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். எதிர்வாசலில் தம்பி, வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"அக்கா, பிடிச்சிடுச்சு!"

"என்னடா பிடிச்சிடுச்சு?"

"ஊசி! காய்ச்சல் வந்துடுச்சு! மகாராணி அடுப்பு மாதிரி சுடுது. எல்லாத்துக்கும் சுடுது. நீ குடுக்காட்டி என்ன, நான் வாங்கிப் போட்டுட்டேன்ல?"

அக்கா சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டாள். "எந்த ஊசி? யார் போட்டா?"

"தீவனக் கடை ஆளு. நம்ம தெருப் பின்னால எல்லாருக்கும் அவன்தான் போட்டான்."

"ஒரே ஊசியா? எல்லாக் கொட்டில்லயும் குத்தினது ஒரே ஊசியா?"

"பின்ன, பன்னிக்கு ஒண்ணு வாங்குவானா?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ரொம்பவும் மெதுவான குரலில் கேட்க ஆரம்பித்தாள். எனக்கு அந்தக் குரலே பிடிக்கவில்லை.

"சாப்பிடுதா?"

"இல்ல. எவ்வளவு தட்டியும் எழுந்திரிக்கல. காய்ச்சல்ல வாய் ருசிக்குமா? நமக்கே ருசிக்காதே."

"ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கிடக்குதா?"

"ஆமா! பார்த்த மாதிரி சொல்றியே! குளிருது போல. சாக்கு போர்த்திவிட்டேன்."

"காது ஓரம் என்ன நிறம்?"

"காதுக்கு என்ன?"

"போய்ப் பார்த்துட்டு வாடா."

அவன் சிரித்துக்கொண்டே பின்னால் போனான். வரும்போது சிரிப்பில்லை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கத்தரிக்கா நிறமா இருக்கு" என்றான்.

வாத்தியார் சட்டை ஒன்றின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தபடி நான் நின்றுவிட்டேன். சட்டை முதுகு தீய்ந்து வாடை வந்தபிறகுதான் எடுத்தேன்.

"உன் ஊசியும் இப்படித்தானே பண்ணும்? நீதானே சொன்னே? சொல்லு அக்கா."

"எங்க பன்னி சுடும்டா. ஆனா சாப்பிடும்." தலையிலிருந்த சீப்பை உருவினாள். "வாளியைத் தட்டினா எழுந்து வரும். காது கறுக்காது."

அவன் அப்படியே வாசலில் குந்திவிட்டான். அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "என்ன? என்ன சொல்றாங்க அண்ணி?" என்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை வந்து கண்ணால பாரு அக்கா," என்றான் அவன். "இங்கேயிருந்து அங்க பேசினா என்ன தெரியும்? வந்து தொட்டுப் பாரு. அப்புறம் சொல்லு. கால்ல விழறேன்."

படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். கடைசிப் படியில் நின்றுவிட்டாள். ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில். அப்படி நிற்கிற ஒருத்தியை உலுக்காமல் என்ன செய்வது? எனக்கு வந்ததே கோபம்.

"அவன் அழறான்டி. பத்து எட்டு நடந்தா வீடு. போயேன்."

"நாளைக்கு எங்க பன்னிங்களுக்கு நிஜக் கிருமி குடுக்கறோம் அத்தை. ஊசி காப்பாத்துதா இல்லையாங்கறது நாளைக்குத்தான் ஆரம்பிக்குது. இப்ப நான் அந்தக் கொட்டில்ல கால் வெச்சா அங்க உள்ள போக முடியாது."

"வேற ஆளே இல்லையா அங்க?"

"இருக்காங்க. போவாங்க. ஆனா ஒவ்வொரு பன்னியும் நேத்து எப்படி நின்னுச்சு, இன்னைக்கு எப்படி நிக்குதுன்னு நான்தானே பார்த்துட்டு வர்றேன்?" என்னைப் பார்த்தாள். "நான் போனா மகாராணி பிழைச்சிடும்னு சொல்லுங்க. இப்பவே ஓடறேன். வேலை போனாப் போகட்டும்."

கல்நெஞ்சக்காரி என்றுதான் மனதுக்குள் திட்டினேன். அவள் கை, படிச்சுவரின் காரையைப் பிய்த்துக்கொண்டே இருந்தது.

இது நடந்துகொண்டிருக்கும்போதே தீவனக் கடைக்காரனின் வண்டி தெருவில் வந்து நின்றது. எப்படித்தான் அவனுக்கு மூக்கில் வியர்த்ததோ! இறங்கியவன் குரலைத் தாழ்த்தித் தம்பியிடம் பேசினான். தாழ்த்தினாலும் தெரு அகலம் அவ்வளவுதானே, எனக்குக் கேட்டது.

"நிக்கிற பன்னியை எல்லாம் ஏத்திடு. தூரத்துச் சந்தையில தள்ளிடலாம். இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அதெல்லாம் நல்ல பன்னிதான். நாளைக்கு ஒருத்தனும் தொடமாட்டான்."

தம்பி பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஏத்துங்க. இருக்கறதாவது மிஞ்சட்டும்."

"டேய், கதவைத் திறக்காதே!" அக்கா கடைசிப் படியிலிருந்து கத்தினாள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "அந்த வண்டி எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம் வாரி போகும்டா!"

"அண்ணி, நீங்க சும்மா இருங்க!" அவள் திரும்பி இவளைப் பார்த்துச் சீறினாள். "உங்களுக்கு மாசம் பிறந்தா சம்பளம். உங்க பன்னி செத்தா வேற பன்னி வாங்கித் தருவாங்க. எங்களுக்கு யார் தருவா? இத்தனை நாள் தள்ளி நின்னீங்க, இன்னைக்கும் தள்ளியே நில்லுங்க!"

அக்காவின் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவள் அழுகிறாள் என்பது தோள் குலுங்குவதில்தான் தெரிந்தது.

தம்பி எழுந்து பின்பக்கச் சந்துக்குப் போனான். கடைக்காரன் வண்டியைச் சந்து வாய்க்குத் திருப்பினான். போச்சு, திறக்கப் போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். அவனோ கொட்டில் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டான். நாங்கள் நிற்கிற இடத்திலிருந்து சந்து வழியாக அவன் நன்றாகத் தெரிந்தான்.

"வண்டியை எடுத்துட்டுப் போய்யா" என்றான்.

"முட்டாள்தனம் பண்ணாதே. சாகப்போறதை வெச்சுக்கிட்டு..."

"என் பன்னி சாகட்டும். உன் ஊசியை நம்பித்தானே உள்ள விட்டேன்? இன்னொருத்தன் உன் வண்டியை நம்பி உள்ள விடணுமா? எடுய்யா வண்டியை!"

கடைக்காரன் ஏதோ முனகிக்கொண்டே வண்டியை எடுத்தான். தம்பி தெருவைத் தாண்டி அக்காவைப் பார்த்தான்.

"கூப்பிடு அக்கா. யாரைக் கூப்பிடணுமோ நீயே கூப்பிடு. எனக்கு வாய் வரல."

அவள் படியில் நின்றபடியே போன் பண்ணினாள். தெருப் பெயர் சொன்னாள், கொட்டில் இருக்கிற இடம் சொன்னாள். யாருடையது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "என் தம்பியோடது" என்றாள்.

சாயங்காலத்துக்குள் வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாய்க்கால் ஓரம் இயந்திரம் குழி தோண்டியது. சுண்ணாம்பு மூட்டை மூட்டையாக இறங்கியது. ஊசி போட்டவன் போன கொட்டில், போகாத கொட்டில் என்று பார்க்கவில்லை, அந்தத் தெருவுக்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும் எடுத்தார்கள். நடக்க முடிகிற பன்றிகளைக் கூட்டிவரும்படி தம்பியிடம்தான் சொன்னார்கள். அவர்கள் விரட்டினால் அவை மிரண்டு நாலாபக்கமும் ஓடின. அவன் போய் வாளியை எடுத்தான். வெறும் வாளி. உள்ளங்கையால் தட்டினான். காலையில் எழுந்திருக்காத மகாராணி, அந்தச் சுடுகிற உடம்போடு எழுந்து, தள்ளாடித் தள்ளாடி அவன் பின்னால் நடந்தது. மற்றவை அதன் பின்னால். மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனால் தளத்தில் ஒரு காலடிச் சத்தமும் இல்லை, ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றிருப்பாள்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. காலையில் சத்தம் கிடையாது, டிரம் நாற்றம் கிடையாது. அக்கா சில நாள் நேரம் தெரியாமல் தூங்கி, வேலைக்கு அரக்கப் பரக்க ஓடினாள். கடையில் புது அலாரம் ஒன்று வாங்கி வந்தாள். தம்பி கட்டட வேலைக்குப் போனான். வாசலில் வந்து நிற்பதில்லை, ஜன்னலைப் பார்ப்பதில்லை. சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. தம்பி பெண்டாட்டி தூக்கை என் கையில் கொடுப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கீரையில் உப்பு சரியாக இருந்ததா என்று இந்தப் பக்கமும் சொல்லவில்லை, அந்தப் பக்கமும் கேட்கவில்லை. எதையாவது பேசித் தொலையுங்களேன் என்று இரண்டு பக்கமும் கத்தவேண்டும் போல எனக்கு இருந்தது.

வாய்க்கால் ஓரத்துச் சுண்ணாம்பில் புல் முளைத்து, கொட்டிலைக் கழுவி, இனி நோய் ஒன்றுமில்லை என்று அரசாங்கத்தார் சீட்டுக் கொடுத்தபிறகு ஒரு நாள், அக்கா தலை சொட்டச் சொட்ட வந்து என் கடை ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நின்னுடுச்சு அத்தை" என்றாள்.

"என்னடி நின்னுச்சு?"

"எங்க பன்னிங்க. நிஜ வாரி குடுத்தும் நின்னுடுச்சு. ஊசி போடாததெல்லாம் போயிடுச்சு. போட்டதுல ஒண்ணு ரெண்டு தவிர எல்லாம் நின்னுட்டு, சாப்பிட்டுட்டு, என் சட்டையைப் பிடிச்சு இழுக்குது." சிரித்தாள், உடனே அழுதாள். "யார்கிட்டச் சொல்றது? இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கடையை விட்டு இறங்கித் தெரு நடுவில் நின்று, "டேய், உங்க அக்கா ஊசி நின்னுடுச்சாம்டா!" என்று என்னால் முடிந்த மட்டும் கத்தினேன். நடுவில் மாட்டிக்கொண்டவளுக்கு அந்த உரிமைகூடவா இல்லை?

தம்பி வாசலுக்கு வந்தான். கையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. அக்கா என் கடைப் படியில் நின்றாள். நான் இரண்டு பேருக்கும் நடுவிலிருந்து விலகிக்கொண்டேன்.

"வா" என்றான்.

அவள் அசையவில்லை. பழக்கம்.

"வா அக்கா. இப்ப என்ன தடை? பன்னிதான் இல்லையே."

குத்திக்காட்டத்தான் சொன்னான் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன், அப்படி இல்லை. கொஞ்சம் அப்படியும்தான். அக்கா தெருவில் இறங்கினாள். ஒரு சைக்கிள்காரன் மணியடித்துத் திட்டிக்கொண்டு போனான், அதுகூட அவளுக்குக் கேட்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனாள். நானும் மடித்த துணியைக் கொடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

தம்பி பெண்டாட்டி தட்டு வைத்தாள். சாப்பாடு போட்டாள், அவித்த முட்டையை உடைத்து வைத்தாள். அண்ணியின் ஈரத்தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்த் துண்டு எடுத்துவந்து தோளில் போட்டாள். "துவட்டிட்டுச் சாப்பிடுங்க. சளி பிடிச்சா அதுக்கு யார் ஊசி கண்டுபிடிக்கறது?" என்றாள்.

அக்கா சாப்பிட ஆரம்பித்தாள். தம்பி எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சினைப் பன்னிக்குப் போடலாமா?" என்று கேட்டான்.

"அது இன்னும் தெரியாதுடா. இனிமேதான் பார்க்கணும்."

"பாரு. சீக்கிரம் பாரு." கையிலிருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினான். "அது தெரிஞ்ச அன்னைக்கு நான் மறுபடியும் பன்னி வாங்குவேன். அப்ப நீ மாடிக்குப் போயிடணும்."

"போயிடறேன்டா" என்றாள் அக்கா. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கீரை போடச் சொன்னாள்.